பி மெமோகூட இல்லாதவர்கள்

நிலத் தகராறோடு வரும் கட்சிக்காரரிடம் நியாயம் யார் பக்கம் என்று நான் முதலில் கேட்பதில்லை. கையில் என்ன காகிதம் இருக்கிறது என்றுதான் கேட்பேன். இரும்புலியூரில் குடியிருந்துகொண்டு தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் நில வழக்குகளே நடத்திக் காலம் தள்ளியவனுக்கு வேறு கேள்வி வாயில் வராது. ஏரிப் புறம்போக்கில் ஓலை போட்டுக் குடியேறி ஷீட் போட்ட வீடு வரைக்கும் வந்தவர்கூட ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்து ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது என்று மேஜையில் கொட்டுவார். அந்தக் குவியலில் பெரும்பாலும் ஒரு பி மெமோ இருக்கும். 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் இருந்ததற்காக வருவாய்த் துறை தண்டம் போட்டுக் கொடுத்த காகிதம் அது. கொடுத்தவர்கள் அதைக் குற்றத்துக்கு அத்தாட்சியாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் இன்ன வருஷம் இன்னார் இந்த இடத்தில் குடியிருந்தார் என்று சர்க்காரே எழுதித் தந்த சாட்சியமும் அதுதான். காலி செய்யச் சொல்லி ஜே.சி.பி. வந்து நிற்கும்போது, பெரும்பாக்கத்திலோ செம்மஞ்சேரியிலோ மாற்றிடம் கேட்பதற்கு அந்தத் தண்டச் சீட்டை நீட்டிக் காரியம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் வாதாடாத, ஆனால் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து விடாமல் படித்துவருகிற ஒரு வழக்கில், அப்படி ஒரு சீட்டுகூட யார் கைக்கும் போய்விடாதபடி ஓர் அரசாங்கம் கவனமாகப் பார்த்துக்கொண்டது. லண்டன் நீதிமன்றங்களில் அதற்குப் பான்கூல்ட் வழக்கு என்று பெயர். மாலத்தீவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கிற சாகோஸ் தீவுகளைப் பற்றியது. அவற்றில் ஒன்றான டியாகோ கார்சியா என்றால் நம்மில் பலருக்கு அமெரிக்க விமானத் தளம்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு ஊர் இருந்தது, தேவாலயம் இருந்தது, கல்லறைத் தோட்டம் இருந்தது என்பதை நானும் அந்தத் தீர்ப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஊரின் ஆதிக் குடிகள் தாமாக வந்தவர்கள் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், மொரீஷியஸில் இருந்த பிரெஞ்சு முதலாளிகள் தென்னந்தோப்பு வைப்பதற்காக மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கத்திலிருந்து பிடித்துவந்த அடிமைகளை இந்தத் தீவுகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். 1814 பாரீஸ் உடன்படிக்கையில் மொரீஷியஸோடு சேர்ந்து இவையும் பிரிட்டனுக்குப் போயின. 1833இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை முறையை ஒழித்தது. மொரீஷியஸில் அது 1835இல் அமலுக்கு வந்தது. ஒழிப்புச் சட்டத்தில் நஷ்டஈட்டுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அது முழுவதும் எஜமானர்களுக்கு. அடிமையாக இருந்தவர் அதே தீவில், அதே தோப்பில், அதே முதலாளியிடம் ஒப்பந்தக் கூலியானார். மொரீஷியஸ் வழியாகத் தென்னிந்தியக் கூலிகள் சிலரும் வந்து சேர்ந்து, கலந்து, கிரியோல் பேசும் ஒரே ஜனமாக ஆனார்கள். ஆண்கள் தேங்காய் உரிப்பது, பெண்கள் உடைத்துப் பருப்பெடுப்பது, கொப்பரை காயவைப்பது. கூலியில் ஒரு பகுதி அரிசியாக அளக்கப்பட்டது. தோட்ட மேனேஜருக்கே சின்னத் தண்டனைகள் கொடுக்கும் அதிகாரமும் இருந்தது.

நில வக்கீலின் கண்ணோடு இந்த வரலாற்றைப் பார்த்தால் ஒரு கண்ணி புலப்படும். அடிமை தானே ஒருவனுடைய சொத்து. அவன் பெயரில் சொத்து இருக்க முடியாது. விடுதலையான பிறகும் தோப்பு, வீடு, கொப்பரைக் கொட்டகை எல்லாம் கம்பெனியுடையவை. கீற்று வேய்ந்த வீட்டில் ஐந்து தலைமுறை பிறந்து செத்தாலும் அது வேலைக்காகக் கொடுத்த வீடு. ஆகவே தீவு முழுக்க ஒருவர் பெயரிலும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. இப்படிப் பட்டா இல்லாமல் போனதற்குக் காரணம் அடிமைத்தனம். ஆனால் 1960களில் லண்டனில் கோப்பு எழுதியவர்கள் காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: இங்கே இருப்பவர்கள் கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஒப்பந்தம் முடிந்தால் போக வேண்டியவர்கள்.

அப்படி எழுத வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் வேண்டும். தீவு காலியாக இருக்க வேண்டும். மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்பே, 1965 நவம்பர் 8 அன்று, ராணியின் ஓர் ஆணையால் சாகோஸை அதிலிருந்து வெட்டியெடுத்து ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்’ என்று புதிதாக ஒரு காலனி உண்டாக்கினார்கள். மொரீஷியஸுக்கு அதற்காக 30 லட்சம் பவுண்டு. ஆனால் ஐ.நா. சாசனத்தின் 73ஆவது பிரிவு ஒன்று குறுக்கே நின்றது. சுயாட்சி இல்லாத பிரதேசத்தை ஆள்கிற நாடு, அங்கே வாழ்கிற மக்களின் நலனைப் பற்றி ஐ.நா.வுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நிரந்தரக் குடிகளே இல்லை என்றால் சொல்ல வேண்டிய கணக்கும் இல்லை. எனவே தீவுவாசிகளுக்கு அவர்கள் மொரீஷியஸையோ செஷல்ஸையோ சேர்ந்தவர்கள், இங்கே தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்கள் என்று சொல்லும் காகிதம் கொடுக்கலாமா என்றுகூட அதிகாரிகள் யோசித்தார்கள். நம் தாசில்தார் கொடுக்கும் பி மெமோ, இருந்தவன் இருந்தான் என்று சொல்கிறது. அவர்கள் யோசித்தது அதற்கு நேர்மாறான ஒரு மெமோ.

30 வருஷம் கழித்து அரசாங்கக் கோப்புகள் ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்டபோது வெளிவந்த காகிதங்களில், 1970இல் வெளியுறவு அலுவலகத்தின் சட்ட ஆலோசகர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. குடிவரவுச் சட்டம் ஒன்று போடுவதால் வரும் அனுகூலங்களை அவர் அதில் வரிசைப்படுத்துகிறார். நிரந்தரக் குடிகள் இல்லை என்கிற கற்பனையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. கற்பனை என்ற அந்தச் சொல் என்னுடையது அல்ல, அவருடையது. எதிர்த் தரப்பு எழுத்தில் இவ்வளவு ஒப்புக்கொண்ட ஒரு கோப்பு கிடைத்தால் நம் ஊர் வக்கீல் அன்றைக்கே கட்சிக்காரருக்கு லட்டு வாங்கிக் கொடுத்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு அவர்கள் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதுதான் இந்த வழக்கு.

வெளியேற்றம் உத்தரவில் தொடங்கவில்லை. முதல் சில வருஷங்கள் உத்தரவே கிடையாது. மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸுக்குக் கப்பலேறி வந்தவர்கள், திரும்புவதற்கு டிக்கெட் கேட்டபோது, இனிமேல் அங்கே கப்பல் இல்லை, தீவை விற்றாகிவிட்டது என்று கப்பல் ஏஜெண்டுகளே சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாகோஸின் பெரோஸ் பான்யோஸ் தீவில் பிறந்த ஒலிவியர் பான்கூல்ட் அப்படி அகப்பட்டவர். மாட்டு வண்டிபோல அங்கே கழுதை வண்டி. அது ஏறிக் காயம்பட்ட அவருடைய தங்கைக்கு வைத்தியம் பார்க்கக் குடும்பம் மொரீஷியஸுக்கு வந்தது. குழந்தை பிழைக்கவில்லை, குடும்பத்தால் திரும்பவும் முடியவில்லை. இதில் எதை எதிர்த்து மனுப்போடுவது? ரிட் போட வேண்டுமானால் ரத்து செய்யக் கேட்பதற்கு ஓர் ஆணை வேண்டும். டிக்கெட் கவுண்ட்டரில் தலையாட்டியதை எந்த நீதிபதி ரத்து செய்வார்? அதிகாரம் தன் கையெழுத்தை எங்கேயும் வைக்காமல் காரியத்தை முடித்துக்கொள்ளும்போது சட்டம் எவ்வளவு கையாலாகாதது என்பதை இந்தக் கட்டம் ஒன்றே காட்டிவிடும்.

சட்டம் 1971 ஏப்ரலில்தான் வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் தீவுக்குள் நுழையவோ இருக்கவோ கூடாது என்றது அதன் 4ஆவது பிரிவு. டியாகோ கார்சியாவில் ஜனங்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் அடைத்துப் புகையால் கொன்றார்கள். மனிதர்களை நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றி, செஷல்ஸ் வழியாகவும் நேராகவும் மொரீஷியஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். 1973இல் கடைசிக் குடும்பங்களும் போய்ச் சேர்ந்தன. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் வரை. போர்ட் லூயி சேரிகளில் தேங்காய் உரிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இல்லை. பிரிட்டன் 1972இல் மறுவாழ்வுக்கென்று மொரீஷியஸ் அரசிடம் கொடுத்த 6,50,000 பவுண்டு 1970களின் பிற்பகுதியில்தான் அவர்கள் கைக்கு வந்தது. அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டது.

முதல் வழக்கு 1975இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தாக்கலானது. வாதியின் பெயர் மிஷேல் வென்கடெசன். டியாகோ கார்சியாவிலிருந்து 1971இல் வெளியேற்றப்பட்டவர். நஷ்டஈடு கேட்ட அந்த ஒரு தனிமனிதரின் வழக்கை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் ஒட்டுமொத்தமாகக் கணக்கை முடிக்கப் பார்த்தது. 1979இல் முதல் தொகையோடு ஒரு வக்கீல் மொரீஷியஸுக்கு வந்தபோது, ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கேட்கிறார்கள் என்று தெரிந்து ஷார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாத் போன்ற பெண்கள் தெருவில் இறங்கினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 1982இல் ராஜியானது. பிரிட்டன் 40 லட்சம் பவுண்டு, மொரீஷியஸ் 10 லட்சம் பவுண்டு மதிப்புள்ள நிலம். தலைக்குப் பிரித்தால் 3,000 பவுண்டுக்கும் குறைவு. பணம் வாங்குவதற்கு ஆங்கிலத்தில் அச்சடித்த பத்திரத்தில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. கிரியோல் மட்டுமே பேசத் தெரிந்தவர்களிடம் வாங்கிய அந்தக் கைநாட்டுகள் பிற்பாடு ஒவ்வொரு கோர்ட்டிலும் அவர்களுக்கு எதிராக எடுத்து நீட்டப்பட்டன. ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே பெருவிரலை உருட்டுகிறவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. இதை நான் செங்கல்பட்டு வளாகத்திலும் பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர்கள் என் தொழில்காரர்கள்தான்.

2000 நவம்பர் 3 அன்று பான்கூல்ட் ஜெயித்தார். அவர் எலக்ட்ரீஷியன்; எதிரே பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர். நீதிபதி லாஸ் எழுதிய தர்க்கம் எளிமையானது. காலனியில் சட்டம் இயற்றும் அதிகாரம் அந்தப் பிரதேசத்தின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்கும் தரப்பட்டது. ஜனத்தை ஆள்வதற்கு அந்த அதிகாரம் செல்லும், ஜனத்தையே அகற்றுவதற்குச் செல்லாது. 1971 சட்டத்தின் 4ஆவது பிரிவு ரத்தானது. அப்போதைய அமைச்சர் ராபின் குக் மேல்முறையீடு செய்யாமல் ஏற்றுக்கொண்டார். டியாகோ கார்சியாவைத் தவிர மற்றத் தீவுகளுக்குப் போகலாம் என்று புதுச் சட்டமும் வந்தது. போவதற்குக் கப்பலோ, இறங்கினால் இருக்க வீடோ யாரும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு வந்தவை இரண்டு அடிகள். 2003இல் நஷ்டஈட்டு வழக்கு தள்ளுபடியானது: 1982இல் வாங்கியாகிவிட்டது, மிச்சமிருப்பதும் காலாவதியாகிவிட்டது. காலவரையறைச் சட்டத்துக்கு ஒரு நியாயம் உண்டு என்று ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்; சாட்சியும் ஆவணமும் பழசாகிப் போகும், எதிர்த் தரப்பு என்றைக்காவது நிம்மதியாகத் தூங்க வேண்டும். ஆனால் ஆவணம் முழுவதும் எதிர்த் தரப்பின் பீரோவில், 30 வருஷப் பூட்டுக்குள் இருக்கும்போது கடிகாரம் யாருக்காக ஓடுகிறது? அடுத்தது 2004 ஜூன் 10. பார்லிமெண்டில் ஒரு விவாதமும் இல்லாமல், ராணியின் சிறப்புரிமையைப் பயன்படுத்திப் பிறப்பித்த இரண்டு ஆணைகள், தீவில் இருக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒன்றுமில்லாமல் செய்தன. நம் ஜனாதிபதி போடும் அவசரச் சட்டத்தையாவது சபை கூடியதும் மேஜையில் வைத்தாக வேண்டும். இந்த ஆணைக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

பான்கூல்ட் திரும்பவும் போனார். 2006இல் ஜெயித்தார், 2007இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். 2008 அக்டோபர் 22 அன்று, அப்போது அங்கே கடைசிக் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார். ஹாஃப்மன் பிரபுவின் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது, வசிக்கும் உரிமை சட்டம் கொடுத்தது, சட்டமே எடுத்துக்கொள்ளலாம் என்று. பாதுகாப்பு, வெளியுறவு, செலவு ஆகியவற்றைத் தீர்மானிப்பது அரசாங்கத்தின் வேலை. யாரும் உடனே போய்க் குடியேறப்போவதில்லை, ஆகவே கேட்கப்படும் உரிமை வெறும் அடையாளம்தான் என்றும் அவர் கருதினார். தாம்பரம் விமானப்படைத் தளத்தை ஒட்டி வீடு கட்ட என்.ஓ.சி.க்கு அலைந்தவர்களுக்குப் பாதுகாப்பு என்ற வார்த்தை எவ்வளவு தூரம் நீளும் என்று தெரியும். ஆனாலும் அங்கே மனுப்போட ஒரு ஜன்னலாவது உண்டு. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பிங்ஹாம் பிரபு, ஒரு ஜனத்தைச் சொந்த ஊரிலிருந்தே நாடுகடத்த மன்னரின் சிறப்புரிமை பயன்பட்டதற்கு முன்னுதாரணம் எங்கே என்று தேடி, இல்லை என்று முடித்தார். மான்ஸ் பிரபுவும் அவரோடு சேர்ந்தார்.

இங்கே நம் உச்ச நீதிமன்றத்தின் 1985 ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. பம்பாய் நடைபாதைவாசிகள் அந்த வழக்கில் நடைபாதையைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. காலி செய்யத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பிழைப்பு என்பது நம் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு சொல்லும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும், அகற்றுவதற்கு முன் அவனைக் கேட்க வேண்டும் என்ற இரண்டு வாக்கியங்கள் மிஞ்சின. அந்த இரண்டை வைத்துத்தான் ஏரிக்கரைக் குடும்பங்களுக்காக எங்களைப் போன்றவர்கள் ஒரு மாசமோ ஒரு மழைக்காலமோ தள்ளிப்போட முடிந்தது. எழுதப்பட்ட அரசியல் சாசனம் இல்லாத பிரிட்டனில், அந்தத் தீவுக்காரர்கள் பற்றிக்கொள்ளத் தேடியது 1215ஆம் வருஷத்து மாக்னா கார்ட்டாவை.

குடியுரிமையிலும் ஒரு விசித்திரம். 2002 சட்டம் நாடுகடத்தப்பட்ட தலைமுறையின் பிள்ளைகளுக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை கொடுத்தது. ஆனால் தாய் சாகோஸில் பிறந்திருக்க வேண்டும், பிள்ளை 1969 ஏப்ரல் 26க்கும் 1983 ஜனவரி 1க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். தகப்பன் மட்டும் தீவுக்காரர் என்றால் இல்லை. பேரன் பேத்திக்கு இல்லை. ஒரே வீட்டில் அம்மாவிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், மகளுக்கு விசா என்று கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிராலி ஊரில் குடும்பங்கள் பிளந்து கிடந்தன. வழித்தோன்றல்கள் அனைவருக்கும் கதவு திறக்க 2022 சட்டம் வர வேண்டியிருந்தது.

2021 அக்டோபரில் இந்த வழக்கு யாரும் எதிர்பாராத விதமாகத் தமிழுக்குள் நுழைந்தது. அந்த மாதம் 3ஆம் தேதி, கனடாவுக்குக் கிளம்பி நடுக்கடலில் தத்தளித்த ஒரு படகில் 89 இலங்கைத் தமிழர்கள் டியாகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டார்கள். அவர்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். தெரிந்தவர் மூலம் முகாமிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். “எந்தக் கோர்ட்டுக்குப் போறது ஐயா? இலங்கையா, இந்தியாவா, அமெரிக்காவா?” என்றார். மூன்றும் இல்லை, அந்தத் தீவுக்கென்று தனியாக ஒரு உச்ச நீதிமன்றம் இருக்கிறது, நீதிபதி இருப்பது பிரிட்டனில் என்றேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். அகதிகள் உடன்படிக்கையை அந்தப் பிரதேசத்துக்குப் பிரிட்டன் விரிவுபடுத்தவே இல்லை. நிரந்தர ஜனம் இல்லாத இடத்துக்கு எதற்கு என்ற அதே பழைய எண்ணம்தான். 1971இல் ஆப்பிரிக்க அடிமைகளின் பேரப்பிள்ளைகளை வெளியே தள்ளிய குடிவரவு விதியின் வாரிசு, 2021இல் தமிழர்களை உள்ளே, வேலி போட்ட கூடாரங்களில் வைத்திருந்தது. மூன்று வருஷம். 2024 ஜூலையில் நடக்க இருந்த விசாரணைக்கு நீதிபதியும் வக்கீல்களும் தளத்தில் இறங்க அமெரிக்கா அனுமதி மறுத்தது, செப்டம்பரில்தான் நடந்தது. டிசம்பர் 16 அன்று தற்காலிக நீதிபதி மார்கரெட் ஓபி, இது சட்டவிரோதக் காவல், பெயரில்தான் சிறை இல்லை என்று தீர்ப்பளித்தார். பெரும்பாலோரை அந்த மாதமே பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

பெரிய மேடையில் விஷயம் வேறு வழியில் நகர்ந்தது. 2018 செப்டம்பரில் ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தில் லிஸ்பி எலிசே என்ற தீவுக்காரப் பெண், தன்னைக் கப்பலேற்றிய நாளைப் பற்றிக் கிரியோல் மொழியில் வீடியோவில் சாட்சியம் சொன்னார். 2019 பிப்ரவரி 25 அன்று அந்த நீதிமன்றம், சாகோஸை வெட்டியெடுத்துவிட்டு மொரீஷியஸுக்குக் கொடுத்தது சட்டப்படி முடிந்த விடுதலை ஆகாது, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று 13க்கு 1 என்ற கணக்கில் கருத்துரைத்தது. அது மொரீஷியஸ் என்கிற நாட்டின் உரிமையைப் பற்றிய கேள்வி; அதில் தீவுக்காரர்கள் சாட்சிகள், கட்சிக்காரர்கள் அல்ல. இந்த வேறுபாடு வக்கீல்களுக்கு மட்டும் உறுத்தக்கூடிய நுணுக்கம் என்று நினைத்தேன், 2025 மே 22 வரும்வரை.

அன்றைக்குப் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட இருந்தன. இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியாகோ கார்சியா 99 வருஷக் குத்தகைக்குப் பிரிட்டனுக்கு, ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி பவுண்டுக்கு மேல் வாடகை, மக்கள் நலனுக்கு 4 கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை, மீள்குடியேற்றம் டியாகோ கார்சியாவைத் தவிர்த்த தீவுகளில். முதல் நாள் ராத்திரி, டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் நீதிபதியை எழுப்பி, எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரைப் பேசி முடிக்கிறார்கள் என்று மனுப்போட்டு, விடியற்காலை இரண்டரை மணிக்குத் தடையாணை வாங்கினார்கள். காலையில் அரசுத் தரப்பு வந்து நின்றது. நாட்டின் நலன் கருதித் தடையை நீட்டிக்க முடியாது என்று பகலுக்குள் கோர்ட் அதை விலக்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் கையெழுத்தும் ஆகிவிட்டது.